பிரித்துக் கொடுப்பதில்லை

ஒன்றுதான் வேண்டுமென்று சொல்லியிருந்தேன்,
போனில், இரண்டு தடவை.
ஹான்காக்கிலிருந்து எஸ்கனாபாவுக்கு மூன்றரை மணி நேரம்.
முதல் முப்பது மைல்
நானே விடியற்காலை லாரியில் ஒதுக்கித் தள்ளிய பனி,
சாலைக்கு இருபுறமும் என் உயரத்துக்கு.
பின்சீட்டை மடித்து
ஒரு நாய்க்கான இடம் பண்ணி வந்திருந்தேன்.

காப்பகத்து லொரெட்டா
படிவத்தைத் தன் முழங்கைக்கு அடியிலேயே வைத்திருந்தாள்.
"இதுகளைப் பிரித்துக் கொடுப்பதில்லை."
கம்பிக்கு அந்தப் பக்கம்
அறுபத்தெட்டு கிலோ கறுப்பும்
எழுபத்திரண்டு கிலோ வரிப்புலி நிறமும்
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து உட்கார்ந்திருந்தன,
மாடிப்படி ஏறாத பீரோக்களைப் போல.

ஓட்டோவுக்குக் காது கேட்காது.
பிரிசில்லா தலை தூக்கினால் தூக்குவான்.
அவள் எழுந்தால் எழுவான்.
யாரோ ஒருத்தர் வீட்டை விற்று
ஃபுளோரிடா போகையில்
சோபாவையும் இதுகளையும் விட்டுப் போயிருக்கிறார்.
சோபாவை முதல் வாரமே யாரோ கொண்டுபோனார்களாம்.
இதுகளுக்குப் பதினான்கு மாதம்.

வருகிறவர்கள் எடை கேட்பார்கள், அப்புறம் வயது.
ஐந்தரை என்றதும் மனசுக்குள் கழித்துப் பார்ப்பார்கள்.
பெரிய உடம்புக்குச் சின்ன ஆயுசு,
எட்டைத் தாண்டினால் அதிசயம்.
நானும் கழித்துப் பார்த்தேன்.
பிறகு, கணக்கில் நான் எப்போதும் மோசம் என்று
லொரெட்டாவிடம் பேனா கேட்டேன்.

பிரிசில்லா முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.
பெல்ட் போடச் சொல்லி
கார் இஷ்பெமிங் வரைக்கும் அடித்துக்கொண்டே வந்தது.
ஓட்டோவுக்கு மட்டும் நிம்மதியான பயணம்.

ஒன்பது நாளில் ஒரு மூட்டை தீனி.
சுவரெங்கும் என் இடுப்புயரத்தில் எச்சில் கோடு.
பக்கத்து வீட்டு ரெய்னோ
"குதிரைக்கு வரி கட்டுகிறாயா?" என்பான்,
சட்டைப்பையில் கருவாட்டுத் துண்டோடு.
ராத்திரிப் பனி தள்ளி நாலு மணிக்கு வருவேன்.
இரண்டு தெரு தள்ளி என் வண்டி திரும்புகையில்
அவள் காது நிமிரும்.
அவள் நிமிர்ந்ததால் அவன் ஓடி வருவான்.
கதவைத் திறந்தால்
முதலில் நிற்பது அவன்தான்.

அவள் இரண்டாவது மார்ச்சில் போனாள்.
மண் இரும்பாய்க் கிடந்தது.
கவுண்டி மண்வெட்டும் இயந்திரத்தை
ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் கேட்காமல்
ரெய்னோ ஓட்டி வந்தான்.
அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

அதன் பிறகு நாலு மணிக்குக் கதவைத் திறந்தால் யாரும் இல்லை.
ஓட்டோ அடுப்பங்கரையில்,
அவள் தலை எழும்ப வேண்டிய உயரத்தையே
பார்த்தபடி கிடப்பான்.
பலகைத் தரையில் குதிகாலால் மூன்று முறை மிதிப்பேன்.
அதிர்வு அவன் நெஞ்சுக்குப் போக வேண்டும்.
போகும். திரும்புவான்.
என்னைத் தாண்டி
எனக்குப் பின்னால் யாரென்று பார்ப்பான்.

ஜூனில் லொரெட்டாவுக்குப் போன் செய்தேன்.
"ஒன்று போதும். வயசானது. காது கேட்கிறது."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் குரைப்புச் சத்தம் மட்டும்.
"ஏரி," என்றாள்,
"உனக்குத் தெரியாததா?"

முன்சீட்டின் நாலு போல்ட்டையும் கழற்றி
சீட்டை ஷெட்டில் போட்டேன்.
பெல்ட் மணியின் கம்பியையும் பிடுங்கினேன்.

டேன் ஜாதி, அக்காவும் தம்பியும்,
சாம்பல் நிறம், ஏழு வயசு.
ஒன்றுக்கு இடுப்பு சரியில்லை.
ஓட்டோ இறங்கி நின்றான்.
யாரும் யாரையும் முகர்ந்து பார்க்கவில்லை.
வாலாட்டவும் இல்லை.
திருமண வீட்டில் தெரியாத உறவுக்காரர்கள் மாதிரி
மூன்றும் மூன்று திசை பார்த்தன.
லொரெட்டா வாயைத் திறந்தாள்,
நான் கை காட்டி நிறுத்தினேன்.

தாதுக் கப்பலொன்று துறையில் ஊதியது.
இரண்டு தலைகள் நிமிர்ந்தன.

ஒரு மூச்சு கழித்து
மூன்று.